இருநூற்றுப் பன்னிரண்டு பைட் அதிகம்

கையைக்கூட உருவிவிடலாம், கட்டைவிரலைத்தான் உருவ முடியாது. பாப்பு தூங்கினாலும் என் வலது கட்டைவிரலை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல. மணி ஒன்று நாற்பது. ஒரு விரல், இன்னொரு விரல், சுண்டுவிரல் கடைசி, மூச்சு மாறுகிறதா, இல்லை, ம், வந்துவிட்டது. அந்த முஷ்டிக்குள் துண்டின் நுனியைத் திணித்துவிட்டு எழுந்தேன். எழுந்தால் முட்டி சொடுக்குப் போடும், அந்தச் சத்தத்துக்கு ஒரு நாள் விழித்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் வடிவு நங்கையா தையல் மிஷினை டரடரவென்று மிதிக்கிறார், என் வீட்டுக்காரரின் அக்கா, சாப்பாட்டு நேரத்துக்குக்கூட மிஷினை விட்டு எழுந்திருக்காதவர், அந்தச் சத்தத்துக்கு இவள் அசைய மாட்டாள், என் முட்டிக்கு மட்டும் எழுந்திருப்பாள், என்ன நியாயமோ. காது கேட்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள். நன்றாகக் கேட்கிறது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் மூன்று அறை தாண்டிக் கேட்கும், எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறைதான், ஆனாலும் கேட்கும். காது காரணமில்லை. அப்புறம் எதுதான் காரணம், இரண்டு வயது பத்து மாதம் ஆகியும் ஏன் பேச்சு வரவில்லை என்றால், இன்றைக்கு நாலு மணிக்கு பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போனால் அங்கே இருக்கிற மேடம் சொல்லுவார். சொல்லுவாரா. முதலில் தாளைக் கேட்பார். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வரச் சொல்லிப் போன வாரம் கொடுத்த தாள். அது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, அதன் மேல் உப்பு டப்பா இருக்கிறது. மூன்று மணி வரைக்கும் நான் உப்பு டப்பா இருக்கிற திசையையே பார்க்கப் போவதில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பைட் குறைக்க வேண்டும்.

வேலை இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கம்ப்யூட்டரில் எழுதிய விளையாட்டு, படமே கிடையாது, வெறும் எழுத்து. ஒரு தீவு, தீவில் ஒரு கலங்கரை விளக்கம், விளக்கு அணைந்துவிட்டது, காவல்காரனைக் காணோம். ‘நீ படிக்கட்டின் அடியில் நிற்கிறாய். வடக்கே ஒரு கதவு’ என்று திரையில் வரும். நாம் ‘கதவைத் திற’ என்று அடித்தால் திறக்கும், ‘வடக்கே போ’ என்று அடித்தால் போகும், அதற்குத் தெரியாத வார்த்தையை அடித்தால் முகத்தில் அடித்த மாதிரி ஒரு பதில் வரும். இதைத் தமிழாக்கிப் பழைய டிவி கேம் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும், கேசட்டைச் செருகி விளையாடுவோமே, நான் ஆறாவது படிக்கும்போது ஊரிலேயே மளிகைக் கடைக்காரர் வீட்டில் மட்டும் இருந்ததே, அந்தப் பெட்டி. எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, நேசன் அண்ணாவைக் கேட்டால் “ஏறுதான்னு பாக்கத்தாம்மா” என்பார். பாப்பு பிறப்பதற்கு முன்னால் கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அவர் எனக்கு மூத்தவர், இப்போது பழைய பெட்டிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பெட்டிப் பைத்தியங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு ஹாலில் கூடுகிறார்களாம், அங்கே ஒரே ஒரு தமிழ் கேசட் இருக்க வேண்டுமாம். “மூணு மணிக்குள்ள அனுப்பிச்சிரு கோகிலா. சிப்புல ஏத்த அரை மணி ஆகும், நாலேகாலுக்கு எனக்கு ரயிலு. உட்டா அடுத்த வருசந்தான்.” ஆகட்டுங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். எனக்கும் இது பிடித்திருக்கிறது என்று நங்கையாவிடம் சொன்னால் சிரிப்பார். எழுதியதை எல்லாம் சேர்த்துக் கட்டுகிற பில்ட் போட்டால் இந்த லேப்டாப் ஒரு சிவப்பு வரி காட்டும், கேசட் கொள்ளுவதைவிட இத்தனை பைட் அதிகம் என்று, எண்ணைப் போட்டே சொல்லும். எவ்வளவு குறைகிறது, எவ்வளவு அதிகம், இன்னும் எவ்வளவு தூரம் என்று முகத்துக்கு நேராக யார் சொல்லுகிறார்கள் நமக்கு. டாக்டர் சொன்னாரா. “பாக்கலாம்” என்றார். பாக்கலாம் என்றால் எத்தனை பைட்.

முதலில் அதிகமே இல்லை, நன்றாகத்தான் இருந்தது, என் புத்தியால் வந்தது. இந்தப் பெட்டிக்குள் எழுத்துக்கு என்று இருப்பது இருநூற்று ஐம்பத்தாறு கட்டம், ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக நாமே வரைந்து ஒவ்வொரு கட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு ஒரே சந்தோஷம். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் கரையான் அரித்த அட்டையில் இருந்ததே, அ-வில் ஆரம்பித்து னௌ வரைக்கும், அப்படியே அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே போகிறது, ஒன்பது கட்டம் மிச்சம் வேறு. மூன்று வாரம், பாப்பு தூங்குகிற நேரமெல்லாம், வயர்க் கூடைக்குக் கட்டம் எண்ணிப் பூப் போடுவதுபோல உட்கார்ந்து இருநூற்று நாற்பத்தேழையும் வரைந்தேன். ஙௌ கூட வரைந்தேன். ஙௌ எந்த வார்த்தையில் வருகிறது, யாருக்குத் தெரியும், அட்டையில் இருந்தது, வரைந்தேன். அனுப்பியதும் நேசன் அண்ணா போனில் சிரித்த சிரிப்பு. “ஏம்மா, எந்த அச்சாபீசுல கெ-ன்னு தனி எழுத்து வெச்சிருந்தாங்க? கொம்பு தனி, க தனி, கால் தனி. ஒரே கொம்பு எல்லாத்துக்கும் ஆவுமில்ல? சரி, முற்றுப்புள்ளி எங்க வெப்பே, எண்ணு எங்க வெப்பே, நாம புதுசாப் போடற வெளக்குப் படத்துக்கு எடம் எங்க?” நானும் சிரித்தேன், சிரித்து முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். நூற்றுக்கும் மேலே தூக்கிப் போட்டோம். விளக்குக்கு இடம் கிடைத்தது. ஆனால் அதுவரைக்கும் ஒரு பைட்டாக இருந்த கெ இப்போது கொம்பு ஒன்று க ஒன்று என்று இரண்டாகிவிட்டது, கொ என்றால் மூன்று, இப்படிக் கொம்பும் காலும் முளைத்து முளைத்துத்தான் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் கொள்ளுகிற கேசட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வெளியே பிதுங்கி நிற்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, விளக்குப் படம் போக ஜ-வுக்கும் ஸ-வுக்கும் இடமே இல்லை. பாப்புவின் நிஜப் பெயர் ஜஸ்விகா. எண் ஜோசியம் பார்த்து, மூன்றில் முடிய வேண்டும் என்று நங்கையா கொண்டுவந்த பெயர். அவள் அம்மா எழுத்தெழுத்தாக வரைந்த பெட்டிக்குள் அவள் பெயரை எழுத எழுத்து இல்லை. கூப்பிட்டால் அவளும் திரும்புவதில்லை, பாப்பு என்றால்தான் திரும்புவாள், சில சமயம் அதற்கும் திரும்புவதில்லை. விடு. இதை இப்போது நினைக்காதே. பைட்டைப் பார்.

‘அடர்ந்த பனிமூட்டம் கடலை மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கிறது.’ அடர்ந்த வேண்டாம். மெல்ல வேண்டாம். விழுங்கிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு நீளம், ரயில் மாதிரி, கொம்பும் காலும் வைத்துக்கொண்டு. பனிமூட்டம் கடலை மூடியது, போதும். கடலை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், திருச்செந்தூரில், அப்போது பனி இல்லை, வெயில், காலைச் சுட்டது. பனி பார்த்தது திம்பம் மலைப்பாதையில், பஸ் முன்னால் ரோடே இல்லை, டிரைவர் தலையை வெளியே நீட்டி நீட்டி ஓட்டினார், எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அந்தப் பனியைத்தான் இந்தக் கடல்மேல் போட்டிருக்கிறேன், வெள்ளைக்காரருக்குத் தெரியவா போகிறது. ‘கொடு’ என்பதை எல்லாம் ‘தா’ என்று மாற்றினால் ஒவ்வொன்றிலும் இரண்டு பைட், பதினாலு இடம், இருபத்தெட்டு. மாற்றிப் பார்த்தேன். ‘படகோட்டிக்கு எண்ணெய் தா.’ நன்றாக இல்லை, தா என்றால் எனக்கு, கொடு என்றால் அவனுக்கு, படகோட்டி எண்ணெயை வாங்கிக்கொண்டு நம்மையே பார்ப்பான். திரும்ப மாற்றினேன். பாப்புவுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது. எடுப்பதற்கும் தா, கொடுப்பதற்கும் தா, கடித்த பிஸ்கட்டை என் வாயில் திணிக்கும்போதும் தா. நூற்று எண்பது. நூற்று எழுபத்தொன்று. போன் அதிர்கிறது, பாய்ந்து எடுத்தேன், என் வீட்டுக்காரர்தான், பெருந்துறை லேத் பட்டறையிலிருந்து, பின்னால் இரும்பு கீச்சிடுகிறது. “சாப்டியா?” “ஆச்சுங்க.” “பாப்பு?” “தூங்கறா.” “தாளு? என்ன எழுதுனே?” “இன்னும் எழுதலீங்க. நீங்க சொல்லுங்க, என்ன எழுதட்டும்?” இரும்பு இரண்டு தடவை கீச்சிட்டது. “நீ பாத்து எழுது கோகிலா. நீதான கூடவே இருக்கறே.” வைத்துவிட்டார். நீதானே கூடவே இருக்கிறாய். காலையில் நடந்ததை இவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்லுவது, பட்டறையில் நின்றுகொண்டு கேட்கிற விஷயமா அது. இரண்டு மணி ஐந்து. நூற்று அறுபத்துமூன்று.

தாளில் ஒரே ஒரு கேள்விதான் கேள்வி, மற்றதெல்லாம் பெயர், விலாசம், எத்தனையாவது மாதத்தில் உட்கார்ந்தாள், எப்போது நடந்தாள். எட்டில் உட்கார்ந்தாள், பதினொன்றில் நடந்தாள், அதையெல்லாம் அங்கேயே நின்றுகொண்டு மணிமணியாக எழுதிவிட்டேன். ‘குழந்தை தானாக, பொருள் தெரிந்து சொல்லும் சொற்கள் எத்தனை?’ பக்கத்தில் ஒரு கட்டம். அதோடு அந்த மேடம் வாயாலும் சொன்னார், நல்ல பெண், என் வயதுதான் இருக்கும், “பத்துக்குக் கீழன்னா வாரத்துல ரெண்டு நாள் வகுப்புல இப்பவே சேத்துக்குவோங்க. மேலன்னா ஆறு மாசம் கழிச்சு வந்து பாருங்க”. நங்கையா அப்போது கூட இருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். “இருவதுன்னு எழுதிப்போடு. அங்க ஒருக்கா பேரு பதிஞ்சிருச்சுன்னா அவ்வளவுதான். நாளைக்கு எல்கேஜியில சேத்தப் போனாலும் கேப்பாங்க, பொண்ணுப் பாக்க வாரவங்களும் கேப்பாங்க.” “ரெண்டே முக்கால் வயசுக்கு எவனுங்க நங்கையா பொண்ணுப் பாக்க வாரான்?” என்றேன். “உனக்கு எல்லாம் வெளையாட்டு. இப்பிடி சிரிச்சு சிரிச்சுத்தான் அவளுக்குப் பேச்சே வரல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டவர் இல்லை. பாப்புவுக்கு அவர் தைக்காத கவுன் இல்லை. அவருக்கும் பயம், பயத்தை எல்லாரும் ஒரே மாதிரியா உடுத்துகிறோம். இருபது என்று எழுதினால் ஆறு மாதம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், வீட்டில் சிரித்துக்கொண்டு இருக்கலாம், அதற்குள் பேசிவிடுவாள், பேசிவிட்டால் இந்தத் தாளைக் காட்டி ஒரு நாள் சிரிக்கலாம். பேசவில்லை என்றால். ஆறு மாதம் என்பது அவளுடைய வயதில் எத்தனையில் ஒரு பங்கு. சரி, எண்ணுவோம், உண்மையாகவே எண்ணுவோம், ஒரு தடவை. ‘ம்மா’, அது நான். அது பால் வண்டியும்தான், பால் வண்டிமேல் மாடு வரைந்திருக்கிறது, ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன். ‘கா’, காக்கா, சீலிங் ஃபேனும் கா, மேலே இருப்பதெல்லாம் கா. ‘தா.’ ‘போ’, நங்கையா கோழியை விரட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, ஒரு நாள் நங்கையாவைப் பார்த்தே கையை வீசிப் போ என்றாள், எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, நங்கையா இரண்டு நாள் பேசவில்லை. நாலு. ஐந்தாவது ஒன்று இருக்கிறது, நிலாவைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள், ‘ல்லா’ என்று, ஒரே தடவை, நான் மட்டும் கேட்டேன், அதற்கப்புறம் எத்தனை நிலா காட்டியும் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னது கணக்கா. நான் கேட்கவே இல்லையோ. இந்தத் தீவு விளையாட்டுக்கு நூற்று நாற்பத்தெட்டு வார்த்தை தெரியும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வெறும் பெட்டி, அதற்கு நூற்று நாற்பத்தெட்டு.

மிஷின் நின்றுவிட்டது. இரண்டு மணி இருபத்திரண்டு. நின்றால்தான் காது கூர்மையாகிறது, கட்டில் கிறீச்சிடுகிறதா, இல்லை, நூல் அறுந்திருக்கும், டரடர, ஆரம்பித்துவிட்டார். வாக்கியத்தைச் சுரண்டிச் சுரண்டி இனி ஒன்றும் வராது, தீவே எலும்பாகிவிட்டது. மொத்தச் செய்திப் பட்டியலையும் ஒன்றிலிருந்து பார்த்துவிடலாம். முந்நூற்றுப் பன்னிரண்டு செய்தி, ஒன்றுகூட விடாமல் வரிசையாகத் தமிழ்ப்படுத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேள்வி பதில் நோட்டு அப்படித்தான் எழுதினோம், ஒரு கேள்வியை விட்டால் டீச்சர் பக்கத்தையே கிழித்துவிடுவார், பதில் புரிகிறதா என்று யாரும் கேட்டதில்லை, வரிசை விடக் கூடாது. நாற்பது. நாற்பத்தொன்று. ‘அந்தச் சொல் எனக்குத் தெரியாது.’ நாற்பத்திரண்டு, ‘நீ சொல்வது புரியவில்லை.’ நாற்பத்துமூன்று, ‘எதை என்று சொல்லவில்லையே.’ நாற்பத்துநாலு, ‘வேறு விதமாகச் சொல்.’ நாற்பத்தைந்து, ‘மறுபடியும் தவறு. நிதானமாகச் சொல்.’ நாற்பத்தாறு, ‘சரியாகச் சொன்னால்தான் நடக்கும்.’ நாற்பத்தேழு, ‘சொல். காத்திருக்கிறேன்.’ என் எழுத்துத்தான், என் தமிழ்தான், போன மாதம் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதியது, நாற்பத்தேழு நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். சொல், காத்திருக்கிறேன். இதைத்தான் காலையில் சொன்னேன். சரி, வா, எவ்வளவு நேரம் ஓடுவது. போனில் ஒரு வீடியோவில் ஒரு அம்மா சொன்னார், குழந்தை கையைப் பிடித்து இழுத்தவுடன் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், சொன்னால்தான் கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லும். காலை எட்டரைக்குப் பாப்பு வந்து என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள், தண்ணீர்க் குடத்துக்கு. என் கையை எடுத்துச் சொம்பின்மேல் வைத்தாள். நான் எடுக்கவில்லை. “தண்ணின்னு சொல்லு கண்ணு. சொன்னாத்தான் அம்மா தருவேன்.” மறுபடி வைத்தாள். “தண்ணி. சொல்லு. த…ண்…ணி.” என் வாயையே பார்த்தாள், உதட்டைக் குவித்தாள், ஒன்றும் வரவில்லை, தா என்றாள், தா தா என்றாள், “தா இல்ல, தண்ணி”, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், என் கையைத் தேடி என்னைச் சுற்றி வந்தாள். அப்புறம் போய்விட்டாள். அழவில்லை. மறந்துவிட்டாள் போல என்று நான் இங்கே வந்து உட்கார்ந்து, எதை வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை என்று எழுந்து போனால் குளியலறையில், துணி ஊற வைத்த பக்கெட்டில் இரண்டு கையையும் விட்டு அள்ளிக் குடித்துக்கொண்டிருக்கிறாள். உதடெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாயைக் கழுவி, பால் கொடுத்து, வாந்தி வருகிறதா என்று பத்து மணி வரைக்கும் பின்னாலேயே அலைந்தேன், ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் விளையாடினாள். எனக்குத்தான் இன்னும் நாக்கில் அந்தச் சோப்பு இருக்கிறது. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு. திரையில் அப்படியே இருக்கிறது. இந்தப் பெட்டியில் இது எப்போது வரும் என்று பார்க்கலாம், எந்த இடத்தில், எந்த அறையில், தப்பான வார்த்தையை அடித்தால் வரும். எப்படி அடிப்பது. கீபோர்டு ஏது. சோதித்துப் பார்க்க நேசன் அண்ணா கொடுத்தனுப்பிய டிவி கேம் பெட்டி, பாதி விளையாட்டு ஏற்றிய கேசட்டோடு, டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு இருப்பது கையில் பிடிக்கிற ஒரு கட்டை, நாலு திசைக்கு நாலு பக்கம் அமுங்குகிற சிலுவை ஒன்று, இரண்டு பொத்தான், அவ்வளவுதான். கீழே ஒரு வரியில் போ, எடு, பார், திற, கொடு, கொளுத்து, அடுத்த வரியில் கையில் இருக்கிற சாமான்கள், விளக்கு, கயிறு, சாவி. ஒரு கட்டத்தை நகர்த்தி நகர்த்தித் தொட வேண்டியது, அமுக்க வேண்டியது. விளக்கைப் போய்த் திற என்றால் ‘அது ஆகாது’ என்று வரும், அது வேறு செய்தி, அது இருக்கட்டும். ஆனால் தெரியாத சொல் என்று ஒன்று இந்தப் பெட்டியில் கிடையாது. புரியவில்லை என்று சொல்ல இதற்கு வழியே இல்லை. இரண்டு மாதமாக இந்தத் தொட்டுக் காட்டுகிற வரியை நான்தான் எழுதினேன், கீபோர்டைக் கழற்றியதும் நான்தான், கழற்றிவிட்டு இந்த ஏழையும் மட்டும் வரிசை விடக் கூடாது என்று மூட்டை கட்டி உள்ளே வைத்திருக்கிறேன். யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப் போவதில்லை, ஆனால் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பு வந்தது, முதலில் சிரிப்புத்தான், இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வரைந்த அதே கோகிலாவாணிதானே. அப்புறம் ஒன்றொன்றாக அழித்தேன். மொத்தமாகவே அழித்திருக்கலாம். நாற்பத்தேழைக் கடைசியாக அழித்தேன். பில்ட். சிவப்பு வரி இல்லை. பதினொரு பைட் மிச்சம். பதினொன்றில் என்னென்னவோ எழுதலாம், பாப்பு என்று எழுதவே நாலுதான் ஆகும். வேண்டாம், கிடக்கட்டும், கொஞ்சம் காலி இடம் இருந்தால் என்ன. இரண்டு மணி நாற்பத்தெட்டுக்கு அனுப்பினேன். “வந்துருச்சு. எப்பிடிம்மா கொறச்சே?” என்று எழுதினார் நேசன் அண்ணா. வேண்டாததை எடுத்தேன் அண்ணா என்று எழுதினேன்.

கட்டில் கிறீச்சிட்டது. தூங்கி எழுந்தால் இவளுக்குத் தலைமுடி ஒரு பக்கம் கோபுரமாக நிற்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள், துண்டின் நுனி இன்னும் முஷ்டிக்குள் இருந்தது, அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏமாற்றிவிட்டாயே என்பதுபோலத் துண்டைக் கீழே போட்டாள். கட்டைவிரலைப் பிடித்தாள். இழுத்தாள். நான் போனேன். குடம். என் கையை எடுத்துச் சொம்பின்மேல் வைத்துவிட்டு உடனே என் வாயைப் பார்த்தாள், காலையில் அங்கிருந்துதானே அந்தச் சொல்லு சொல்லு எல்லாம் வந்தது. தண்ணீரை மொண்டு கொடுத்தேன். “தண்ணி” என்றேன், சும்மா, எனக்கு நானே சொல்லுகிற மாதிரி. அவள் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக் கண் மேலே செருகச் செருகக் குடித்தாள், கழுத்தெல்லாம் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி குடித்தாள். வார்த்தை ஒன்றும் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், ஒரு நொடி எதிர்பார்த்தேன். சொம்பைத் திருப்பி என் கையில் வைத்து, “தா” என்றாள். இந்தா, வாங்கிக்கொள், என்று அர்த்தம். நன்றாகத்தான் சொன்னாள். அதே விரலைப் பிடித்து இப்போது டிவிப் பெட்டிக்கு இழுத்தாள், கட்டையை என் கையில் வைத்தாள், என் கட்டைவிரலை எடுத்துப் பொத்தானில் வைத்து அதன்மேல் தன் விரலால் அமுக்கினாள். கட்டம் கொளுத்து-வில் நின்றிருந்தது, கீழே விளக்கு. திரையில் படிக்கட்டு வெளிச்சமானது. கா, என்று மேலே காட்டினாள்.

வாசலில் ஆட்டோ ஹாரன். நங்கையா சேலை மாற்றி, தலை சீவி, பாப்புவுக்குப் புதுக் கவுனோடு வந்து நின்றார். “எழுதீட்டியா?” “ஆட்டோவுல எழுதிக்கறேங்க.” “இருவதுதான?” நான் உப்பு டப்பாவை நகர்த்தித் தாளை எடுத்தேன். ஆட்டோவில் பாப்பு நடுவில் உட்கார்ந்து என் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள், நல்லவேளை, எழுதுகிற கை எனக்கு மிஞ்சியது. தாளின் முன்பக்கத்தைத் தொடவில்லை, திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். விரலைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்தால் தண்ணீர். சொம்பில் பாதிக்குமேல் இருந்தால் வேண்டாம், கொட்டிவிட்டு மறுபடி கேட்பாள், நிறைய ஊற்றினால் பிடிக்காது. என் செருப்பைக் கொண்டுவந்து மடியில் போட்டால் வெளியே போக வேண்டும், அவள் அப்பா செருப்பைக் கொண்டுவந்தால் அவர் எப்போது வருவார் என்று கேட்கிறாள். நெற்றியை என் முட்டியில் முட்டினால் தூக்கம். உள்ளங்கையை என் வாயில் வைத்தால் பாடியது போதும். நங்கையா எட்டிப் பார்த்தார். “என்ன இம்புட்டு எழுதறே?” படித்துப் பார்த்தார், ஆட்டோ குலுங்க உதடு அசைய மெதுவாகப் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு, “மிஷினுக்கு எண்ணெய் உட்டா எங்கிட்ட வந்து என்ர முந்தானையப் புடிச்சு இழுப்பா, சொட்டு உடறதப் பாக்கோணும் அவளுக்கு. அதையும் எழுது” என்றார். எழுதினேன். பக்கம் நிறைந்துவிட்டது, ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதினேன். மையத்து வாசலில் ஆட்டோ நின்றபோது தாளைத் திருப்பினேன். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனா ஒரு தடவை நின்றது, நின்று, 4 என்று போட்டேன். பக்கத்தில், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல, தெளிவாக எழுதினேன்: பின்பக்கம் பார்க்கவும்.